ரேடார் லெவல் டிரான்ஸ்மிட்டர் தவறாகக் காட்டுகிறதா? அறிகுறியைக் கொண்டு காரணத்தைப் பிடிக்கும் வழி

டேங்கின் மேல் இருக்கும் ரேடார் தவறான அளவு காட்டினால், பெரும்பாலான ஆலைகளில் முதல் வேலையாக யாராவது ஒருவர் கருவியின் அமைப்பு மெனுவுக்குள் நுழைந்து எதையாவது மாற்றுகிறார். டேம்பிங்கைக் (அளவின் ஆட்டத்தைத் தணிக்கும் அமைப்பு) கூட்டுவார், மேப்பிங் (பொய் எதிரொலிகளை ஒதுக்கும் பதிவு) ஓட்டுவார். ஒரு வாரம் அமைதி, பிறகு மறுபடியும் அதே கதை. கப்பலூர், நிலக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் நான் பார்த்தவரை, கோளாறு பெரும்பாலும் கருவிக்குள் இருப்பதில்லை. அது உட்கார்ந்திருக்கும் நாசிலில், அதாவது கூரையில் நீட்டிய குட்டைக் குழாயில், இருக்கும். அது பார்க்கும் பாதையில் இருக்கும். அல்லது அதற்குப் போகும் கேபிளில் இருக்கும். பொருத்திய அன்று கவனிக்காமல் விட்டது பல மாதம் கழித்து அறிகுறியாக மேலே வருகிறது. எனவே மெனுவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி செய்வது எளிய வேலைதான். நுண்ணலையைக் கீழே அனுப்புகிறது, திரவத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் எக்கோவைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது, காலி டேங்கின் தூரத்திலிருந்து அதைக் கழித்து மட்டத்தைச் சொல்கிறது. சந்தையில் 6, 26, 80 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் கிடைக்கின்றன. அலைவரிசை ஏற ஏறக் கற்றை ஒடுங்கும். எக்கோவின் பலத்தைத் தீர்மானிப்பது திரவத்தின் மின்கடத்தாப் பொருள் மாறிலி. தண்ணீருக்கு அது ஏறத்தாழ 80. விழும் சக்தியில் 64 சதவீதம் திரும்பி வரும். ஹெக்சேனுக்கு 1.9 மட்டுமே, திரும்புவது இரண்டரை சதவீதம்தான். தண்ணீர்த் தொட்டியில் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தியும் ஓடுகிற கருவி, ஹெக்சேன் டேங்கில் பொருத்தியவரின் எல்லா அலட்சியத்தையும் அம்பலப்படுத்துவது இதனால்தான்.

ஏறுவதற்கு முன்

கோளாறு பார்ப்பது என்றால் கடைசியில் யாராவது டேங்கின் கூரைக்கு ஏறத்தான் வேண்டும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகையிலிருந்து வாசனை மெழுகு எடுக்கும் ஆலைகள் உண்டு. அங்கே பூவை ஊறவைப்பது ஹெக்சேனில். அதன் தீப்பற்று நிலை, அதாவது ஆவி பற்றத் தொடங்கும் வெப்பம், சுழியத்துக்குக் கீழே 22 பாகை செல்சியஸ். காற்றில் ஒரு சதவீதத்துக்குச் சற்றே அதிகமாகக் கலந்தாலே பற்றும். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம் என்பதால், மேலே நாசிலைத் திறந்தால் அது கூரையில் வழிந்து கீழே டேங்கைச் சுற்றிய டைக் (தடுப்பு) சுவருக்குள் போய்த் தேங்கும். மேலே நிற்பவருக்கு வாசனைகூடத் தெரியாது. கீழே வெல்டிங் செய்பவருக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

ஆகவே வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் ஃபிளேஞ்ச் (நாசிலின் தலையில் கருவியைப் பூட்டும் தட்டு) போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டாம். நிரப்பும் வால்வை மூடிப் பூட்டு போடுங்கள். டேங்கில் அழுத்தம் இல்லை என்பதை கேஜில் பார்த்து உறுதிசெய்யுங்கள். வாயு மீட்டரைக் கூரையிலும் டைக்கிலும், இரண்டு இடத்திலும் காட்டுங்கள். டேங்குக்கு நைட்ரஜன் போர்வை (காற்று சேராமல் திரவத்துக்கு மேலே நிரப்பிய நைட்ரஜன்) இருந்தால் இன்னும் கவனம்: திறந்த நாசிலின் மேல் முகத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்ப்பவர், பிராணவாயு இல்லாத காற்றை இழுத்து அப்படியே சாய்ந்துவிடுவார். மேன்ஹோல் வழியாக உள்ளே இறங்குவது தனி அனுமதி, தனிக் காவலாள், தனி ஏற்பாடு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது. அதன் 36அ பிரிவு, தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கை உள்ளே கொண்டுபோவதைத் தடுத்தது. பாதுகாப்புப் பெல்ட்டின் கொக்கியை வலுவான கட்டமைப்பில் மாட்டுங்கள். நாசிலிலும் கேபிள் டிரேயிலும் மாட்டுவது மாட்டாததற்குச் சமம்.

ஃபிளேம்புரூஃப் வகைக் (உள்ளே பற்றினாலும் நெருப்பு வெளியேறாத உறை கொண்ட) கருவியின் மூடியை மின்சாரம் இருக்கும்போது திறக்கக் கூடாது. உள்ளார்ந்த பாதுகாப்பு வகை (ஆவியைப் பற்றவைக்க முடியாத அளவுக்கு மின்சாரத்தைக் குறைத்தது) என்றால், அந்தப் பகுதிக்குச் சான்று பெற்ற மல்டிமீட்டர் மட்டும். ‘ரேடார்’ என்ற பெயரைக் கேட்டு ஹெல்பர்கள் கதிர்வீச்சுக்குப் பயப்படுவதுண்டு. அந்தப் பயம் தேவையில்லை. இதன் சக்தி கைப்பேசி வெளியிடுவதைவிட மிகக் குறைவு. பயப்பட வேண்டியது ஆவிக்கும் உயரத்துக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் நான்கு எண்கள்

டிப் டேப்பில் (மேலிருந்து இறக்கி அளக்கும் நாடா) எடுத்த உண்மை மட்டம், கருவியின் திரை காட்டும் மட்டம், லூப்பில் (கருவியைக் கட்டுப்பாட்டு அறையோடு இணைக்கும் மின்சுற்று) ஓடும் மில்லி ஆம்பியர், கட்டுப்பாட்டு அறைத் திரையின் மட்டம். நான்கையும் ஒரே நேரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கருவியின் திரை டிப்புடன் ஒத்துப்போய், கட்டுப்பாட்டு அறை மட்டும் வேறு சொன்னால் கூரைக்கு ஏற வேண்டிய வேலையே இல்லை, லூப்பிலோ, பி.எல்.சி. எனும் கட்டுப்பாட்டுக் கணினி மில்லி ஆம்பியரை மட்டமாக மாற்றும் ஸ்கேலிங்கிலோ தவறு. 4 மில்லி ஆம்பியர் சுழியம், 20 என்றால் 100 சதவீதம்; ஆகவே 12 மில்லி ஆம்பியர் என்றால் 50 சதவீதம். அதில் பேச்சுக்கு இடமில்லை. கருவியின் திரையே டிப்புடன் முரண்பட்டாலோ அணைந்தாலோ மட்டும் கீழே உள்ளவற்றைப் படியுங்கள். அப்போது ஐந்தாவதாக எக்கோ வரைபடத்தை (எந்தத் தூரத்தில் எவ்வளவு பலமான எக்கோ என்று கருவி காட்டும் கோடு) சேமித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் செய்யும் எந்தத் திருத்தமும் ஊகம்தான்.

எண்ணெய், கரைப்பான் டேங்குகளில் நிரப்பி முடித்த கையோடு டிப் டேப்பை இறக்க வேண்டாம். திரவத்தில் ஏறிய நிலைமின்சாரம் இறங்க அரைமணி நேரமாவது விடுங்கள். டேப்பை டேங்குடன் எர்த் செய்த பிறகே இறக்குங்கள்.

திரை இருண்டிருக்கிறது, அல்லது அணைந்து அணைந்து எரிகிறது

முழு இருள் என்றால் ஃபியூஸ், முனை மாறிய ஒயர், தளர்ந்த டெர்மினல். பத்து நிமிட வேலை.

சுவாரசியமானது இரண்டாவது வகை. ‘சார், பாதி வரைக்கும் நன்றாகத்தான் காட்டுகிறது, அதற்கு மேலே ஏறினால் அணைந்துவிடுகிறது’ என்று ஆபரேட்டர் சொன்னால் கருவியைக் கழற்றாதீர்கள், கணக்குப் போடுங்கள். மின்சாரமும் அளவும் ஒரே இணை ஒயரில் போகும் இரண்டு ஒயர்க் கருவியில் மட்டம் ஏறினால் மின்னோட்டம் ஏறும்; மின்னோட்டம் ஏறினால் வழியில் இழக்கும் வோல்ட்டும் ஏறும். ஹார்ட் (HART, அதே ஒயரில் கருவியுடன் பேசும் முறை) தொடர்புக்காகப் போட்ட 250 ஓம் ரெசிஸ்டர், பேரியரின் (அபாயப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம்) உள்ளே 300 ஓம் என்று வையுங்கள். 4 மில்லி ஆம்பியரில் இழப்பு 2.2 வோல்ட். 20 மில்லி ஆம்பியரில் 11 வோல்ட். 24 வோல்ட் சப்ளையில் கருவிக்கு மிஞ்சுவது 13. பழைய சப்ளை 22 வோல்ட்தான் கொடுக்கிறது என்றால் 11. கருவியின் கையேட்டில் குறைந்தபட்ச வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். காரணம் அங்கேயே இருக்கும். காலி டேங்கில் சோதித்துக் கையெழுத்து வாங்கிப் போன வேலைகளில் இது அடிக்கடி நடக்கிறது. டெர்மினலில் அளக்கும்போது, கருவியுடன் பேசும் கையடக்கக் கம்யூனிகேட்டரால் லூப்பை 20 மில்லி ஆம்பியருக்கு வலிந்து ஏற்றிவிட்டு அளக்க வேண்டும். அதற்கு முன் பம்ப்பின் இன்டர்லாக்கை (மட்டத்தைப் பார்த்துத் தானே இயக்கி நிறுத்தும் ஏற்பாடு) கையால் இயக்கும் நிலைக்கு மாற்றியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்னோட்டம் 3.6க்குக் கீழே அல்லது 21க்கு மேலே நிலைத்து நின்றால் அது மட்டமே அல்ல. கருவி ‘எனக்கு எக்கோ கிடைக்கவில்லை’ அல்லது ‘எனக்குள் கோளாறு’ என்று சொல்லும் அடையாளம். சில ஆலைகளில் பி.எல்.சி. இதைப் புரிந்துகொள்ளாமல் 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்.

எப்போதும் ஒரே அளவு வித்தியாசம்

காலியிலும் பாதியிலும் நிறைவிலும் 25 சென்டிமீட்டர் குறைவாகவே காட்டுகிறது என்றால், நாசிலின் உயரத்தைக் கேளுங்கள். அநேகமாக அதுவும் 25 சென்டிமீட்டராக இருக்கும். கருவி தூரத்தை அளப்பது ஃபிளேஞ்சின் முகத்திலிருந்து. பொருத்தியவர் டேங்க் வரைபடத்தில் கூரை வரையிலான உயரத்தை மட்டும் பார்த்துக் காலித் தூரமாக எழுதியிருப்பார். டிப் எடுக்கும் துளையின் விளிம்பும் ஃபிளேஞ்சும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. முதலில் டிப் எண்ணே சரிதானா என்று பாருங்கள்.

வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறினால் அது வேறு. படுத்த உருளை டேங்குகளில், விருதுநகர்ப் பக்கம் எண்ணெய் ஆலைகளில் இவை நிறைய, பாதியில் சரியாக இருக்கும். கால் பங்கில் அதிகமாகக் காட்டும், முக்கால் பங்கில் குறைவாகக் காட்டும். கருவி உயரத்தைத்தான் சொல்கிறது; ஸ்டோர் கணக்கு எதிர்பார்ப்பது கொள்ளளவை. படுத்த உருளையில் உயரம் 25 சதவீதம் இருக்கும்போது எண்ணெய் ஏறத்தாழ 19.6 சதவீதம்தான் இருக்கும். உயரத்தைக் கொள்ளளவாக மாற்றும் லீனியரைசேஷன் அட்டவணையை ஏற்றாமல் விட்டதன் விளைவு இது. எண்ணெய் காணாமல் போகிறது என்று இரவுக் காவலாளிமேல் பழி விழுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

டேங்க் காலி, கருவி மட்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறது

திரவம் இறங்கினாலும் ஏறினாலும் அசையாமல் நிற்கிற எண், திரவத்தின் எண் அல்ல. கருவி எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. மட்டத்தை விட்டுவிட்டுத் தூரத்தைப் படியுங்கள். 2.4 மீட்டர் என்றால், ஃபிளேஞ்சிலிருந்து 2.4 மீட்டர் கீழே என்ன இருக்கிறது என்று டேங்க் வரைபடத்தில் தேடுங்கள். ஏணியின் படி, உள்ளே நீட்டிய நிரப்புக் குழாய், சூடேற்றும் சுருளின் தாங்கி, தகடுகள் சேரும் வெல்டிங் விளிம்பு. பெரும்பாலும் கையோடு கிடைத்துவிடும்.

ஏன் அது பாதையில் வந்தது என்பதற்கு விடை கற்றையின் அகலம். 10 பாகை விரிவுள்ள கருவியின் கற்றை ஐந்து மீட்டர் கீழே 87 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 4 பாகைக் கருவிக்கு அதுவே 35 சென்டிமீட்டர். ஓரங்களிலும் கொஞ்சம் சக்தி சிதறும். பழைய 26 கிகாஹெர்ட்ஸ் கருவி இருந்த சுவரோர நாசிலில் புதிய 80 கிகாஹெர்ட்ஸ் கருவி சிக்கலின்றி ஓடுவது இந்தக் கணக்கால்தான். புதிதாக நாசில் வெட்டுவதாக இருந்தால், சுவரிலிருந்து டேங்க் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு தள்ளி, எப்படியும் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். நிரப்பும் தாரைக்கு மேலே வைக்கவே வேண்டாம்.

இருக்கிற நாசிலோடுதான் வாழ வேண்டும் என்றால், முதலில் கருவியைத் திருப்பிப் பாருங்கள். அலைக்கு ஒரு முனைவாக்கத் திசை, அதாவது அது அதிரும் திசை, உண்டு. ஃபிளேஞ்சிலோ கழுத்திலோ அதற்கு ஓர் அடையாளக்கோடு இருக்கும். 45 பாகை திருப்பியவுடன் ஏணியின் எக்கோ பாதியாகச் சுருங்குவதை வரைபடத்திலேயே காணலாம். போல்ட் துளைகளின் எண்ணிக்கை அனுமதிக்கும் அளவுக்குத்தான் திருப்ப முடியும். திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட் போட்டு, போல்ட்களை எதிரெதிராக இறுக்குங்கள்.

அதற்குப் பிறகுதான் மேப்பிங். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பொய் எக்கோக்களை மனப்பாடம் செய்து ஒதுக்கச் சொல்லும் வேலை இது. டேங்க் காலியாக இருக்கும்போது செய்தால் மருந்து. நிறைந்த டேங்கில், தூரத்தைச் சரியாகக் குறிப்பிடாமல் செய்தால், திரவத்தின் உண்மை எக்கோவையே பொய்யென்று எழுதி வைத்துக்கொள்ளும். அந்த மட்டத்துக்கு வரும்போதெல்லாம் கருவிக்குக் கண் தெரியாது. காலி செய்ய வாய்ப்பே இல்லை என்றால், திரவ மட்டத்துக்கு அரை மீட்டர் மேலே வரை மட்டும் மேப்பிங் செய்துகொள்ளுங்கள். மீதியை அடுத்த ஷட்டவுனில் முடியுங்கள். பழைய மேப்பிங் யாருடையது என்று தெரியாத டேங்கில், அதை அழித்துவிட்டு வரைபடத்தைப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

நிறைந்த டேங்கை நிறையவில்லை என்கிறது

எல்லா அறிகுறிகளிலும் ஆபத்தானது இது. மட்டம் தடைத் தூரத்துக்குள் (கருவிக்கு மிக அருகே, அதனால் நம்பகமாக அளக்க முடியாத பகுதி) ஏறிவிட்டால், கருவி முதல் எக்கோவை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். அலை திரவத்தில் பட்டு, கூரையில் பட்டு, மறுபடி திரவத்தில் பட்டுத் திரும்பினால் தூரம் இரட்டிப்பாகத் தெரியும். காலித் தூரம் 6 மீட்டர். உண்மையில் திரவம் 40 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. கருவியோ 80 சென்டிமீட்டர் என்று படித்து, 5.6 மீட்டருக்குப் பதில் 5.2 மீட்டர் என்கிறது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. திரவத்தை 10 சென்டிமீட்டர் இறக்குங்கள். காட்டும் மட்டம் 20 சென்டிமீட்டர் இறங்கினால் சந்தேகமே வேண்டாம், இரட்டை எக்கோதான். குவிந்த கூரையின் நட்டநடுவில் பொருத்திய கருவிகளுக்கு இந்த நோய் அதிகம். கூரை அலையைக் குவித்துத் திருப்பி அனுப்புகிறது. அழகுக்காக நடுவில் நாசில் கேட்கும் கட்டுமானக்காரரிடம் பொருத்துவதற்கு முன்பே வாதாடுங்கள். பொருத்திய பிறகு கைவசம் இருப்பது, ‘முதல் எக்கோவுக்கு முன்னுரிமை’ என்ற அமைப்பும், நிரப்பும் உச்ச மட்டத்தைத் தடைத் தூரத்துக்குக் கீழே நிறுத்துவதும்தான்.

ரேடார் எவ்வளவு நல்லதானாலும், உச்ச மட்டத்துக்கு அதோடு சம்பந்தமே இல்லாத தனி சுவிட்ச் ஒன்று, அதிர்வுக் கவை (திரவம் தொட்டதும் அதிர்வு மாறும் கவட்டை) வகை போதும், தனி ஒயரில் பம்ப்பை நிறுத்த வேண்டும். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கில் மட்டக் கருவி ஒட்டிக்கொண்டு ஒரே அளவில் நின்றது. தனி உச்ச சுவிட்சும் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து ஆவியாகிக் கிடங்கே வெடித்தது. சுவிட்ச் இருந்தால் மட்டும் போதாது; அதைச் சோதித்த தேதி அதன்மேல் எழுதியிருக்க வேண்டும்.

கடைசி ஒரு மீட்டரில் மட்டும் பைத்தியம் பிடிக்கிறது

எண்ணெய், ஹெக்சேன் போன்றவற்றுக்கே உரிய அறிகுறி. மேற்பரப்பில் இரண்டரை சதவீதம் திரும்புகிறது. மீதி திரவத்துக்குள் புகுந்து எஃகு அடித்தட்டில் பட்டு, மேற்பரப்பின் எக்கோவைவிடப் பலமாகத் திரும்புகிறது. கருவி அடித்தட்டைப் பிடித்துக்கொண்டு ‘காலி’ என்கிறது.

தூரத் திரையைப் பார்த்தால் இன்னும் விசித்திரமாக இருக்கும். ஹெக்சேனுக்குள் அலை 1.37 மடங்கு மெதுவாகப் போகிறது. ஆகவே ஒரு மீட்டர் ஹெக்சேன் இருக்கும்போது, அடித்தட்டு உண்மையான இடத்துக்கு 37 சென்டிமீட்டர் கீழே, மண்ணுக்குள் இருப்பதுபோலத் தெரியும். டேங்கைக் காலி செய்யச் செய்ய அது மேலே ஏறி வரும். திரவம் இறங்க, தூரம் குறைகிறது! இப்படி ஒரு நகர்வைப் பார்த்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். மெனுவில் ஊடகத்தின் (அளக்கும் திரவத்தின்) அமைப்பைக் குறைந்த மாறிலிக்கு மாற்றுங்கள். பொருத்தியவர் தண்ணீர் என்றே விட்டிருப்பார். அது போதாவிட்டால் பெரிய ஆன்டெனா, அல்லது டேங்குக்குள் செங்குத்தாக நிறுத்திய நேர்க்குழாய்க்குள் அளப்பது, அல்லது திரவத்துக்குள் இறங்கும் கம்பி வழியே அலையை அனுப்பும் ரேடார். நேர்க்குழாய் என்றால் உள்ளே வெல்டிங் மணிகள் இருக்கக் கூடாது. மேலே காற்றுத் துளை வேண்டும். குழாயின் உள்விட்டத்தைக் கருவிக்குச் சொல்லியாக வேண்டும்.

நிரப்பும்போது, கலக்கும்போது அளவு ஆடுகிறது

கலக்கி ஓடும் டேங்கில் மட்டம் ஆடத்தான் செய்யும். டேம்பிங்குக்கு நியாயமான இடம் இது ஒன்றுதான். பத்து, இருபது விநாடி வையுங்கள். கருவி கலக்கியின் தண்டுக்கு மேலே நேராக இருந்தால் மட்டும் இடம் மாற்ற வேண்டும்.

நுரை வேறு விஷயம். மொலாசஸ், பால், சாயக்கழிவு மூன்றிலும் நுரை உண்டு, மூன்றும் ஒரே நுரை அல்ல. கனமான ஈர நுரை தானே எதிரொளித்து மட்டத்தை உயர்த்திக் காட்டும். வேறு சில நுரை அலையை விழுங்கி எக்கோவையே இல்லாமலாக்கும். நிரப்புக் குழாயைச் சுவரோரமாகக் கீழே வரை நீட்டினால் நுரையே பாதி குறையும். பால் சைலோவில் கழுவும் நேரத்தில் மட்டும் 100 சதவீதம் காட்டினால், சைலோவைக் கழுவும் தெளிப்பு உருண்டை நேராக ஆன்டெனாமேல் அடிக்கிறது என்று பொருள். கழுவும்போது அளவைப் பொருட்படுத்தாதபடி பி.எல்.சி.யில் சொல்லிவிடுங்கள்.

விடியற்காலையில் மட்டும் தவறு, பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது

ஆன்டெனாவில் நீர்த்துளி. மார்கழியில் கூரை குளிர்ந்து, உள்ளே திரவம் வெதுவெதுப்பாக இருக்கும் டேங்குகளில் இது சகஜம். காய்ச்சி மீட்ட ஹெக்சேன் சூடாறாமல் டேங்குக்குத் திரும்பும் ஆலைகளில் எந்த மாதத்திலும் வரும். வரைபடத்தில் தொடக்க அரை மீட்டர் முழுவதும் மேடாக எழும்பி நிற்கும். கூம்பு முனை கொண்ட டெஃப்ளான் ஆன்டெனாவில் துளி வழிந்துவிடும், தட்டையானதில் தொங்கிக்கொண்டிருக்கும். நாசிலுக்கு வெளியே காப்புச் சுற்று போட்டாலே பல இடங்களில் தீர்ந்துவிடுகிறது. துடைக்க வேண்டியிருந்தால் மெல்லிய துணி. கத்தி, ஸ்கிரேப்பர் வேண்டாம்.

கொம்பு வடிவ ஆன்டெனாவின் விளிம்பு நாசிலுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாசிலுக்குள்ளேயே முடிந்தால், அதன் சுவரில் பட்டு எழும் இரைச்சலும் இதே மேட்டைத் தரும். கேஸ்கெட் உள்பக்கம் பிதுங்கியிருந்தாலும் அப்படித்தான். திறந்த தண்ணீர்த் தொட்டிகளில் குளவிக் கூடும் சிலந்தி வலையும் இந்தப் பட்டியலில் சேரும்.

மழைக்குப் பிறகு

பிளாஸ்டிக் டேங்கின் கூரைக்கு வெளியே இருந்து அளக்கும் கருவி, மழை நின்றதும் நிறைந்துவிட்டது என்று சொன்னால் கூரையில் தேங்கிய நீரைத்தான் பார்க்கிறது. தண்ணீர் வழிந்தோடக் கூரைக்குச் சாய்வு வேண்டும்.

எஃகு டேங்க் என்றால் மூடியைத் திறந்து டெர்மினல் அறையைப் பாருங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு. உள்ளே ஈரம் இருந்தால், கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் கிளாண்ட்தான் வழி. கேபிளின் பருமனுக்குப் பொருந்தாத கிளாண்டில் டேப்பைச் சுற்றி ஒப்பேற்றியிருப்பார்கள். பயன்படுத்தாத இரண்டாவது துளையில் சரக்கோடு வந்த பிளாஸ்டிக் தக்கையே இருக்கும். துளைக்குச் சான்று பெற்ற உலோக அடைப்பு போடுங்கள். கேபிள் கிளாண்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், ஐப்பசி மழை அதன் நுனியில் சொட்டிவிடும்.

இடிக்குப் பிறகு செத்த கருவிகளில் எர்த் இணைப்பை முதலில் பாருங்கள். சித்திரைக் கோடை இடி வரும்போது மதுரைச் சுற்றுவட்டார மண் காய்ந்து கிடக்கும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றாத ஆலைகளில் எர்த்தின் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) ஏறியிருக்கும். கேபிளுக்குள் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையை (ஷீல்டு) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். கூரையில் கருவிக்கு அருகிலும் பேனலிலும் சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) பாதுகாப்பு வையுங்கள். கேபிளில் ஈரம் இறங்கிவிட்டதா என்று மெக்கரில் (உயர் வோல்ட்டில் மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்) பார்ப்பதாக இருந்தால், முதலில் இரு முனைகளையும் கழற்றுங்கள். மெக்கரின் 500 வோல்ட் கருவிக்குள் போனால், அதுவரை நன்றாக இருந்த மின்னணு அட்டையும் போய்விடும்.